கையொப்பம் பிள்ளையுடையது, சம்மதம் யாருடையது?



உங்கள் தாயார் மறதிநோயினால் பாதிக்கப்பட்டு, பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இல்லத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைக்கிறார். "ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். அம்மாவையும் ஆய்வில் சேர்க்கலாமா? உங்கள் கையொப்பம் மாத்திரம் போதும்" என்கிறார். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"என் தாயைச் சோதனை எலியாக்கவா?" என்று நம்மில் அநேகருடைய உள்ளம் பதறும். அந்தப் பதற்றத்திற்குக் காரணம் உண்டு. 1963ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஒரு மருத்துவமனையில், நலிந்து கிடந்த 22 நோயாளிகளின் உடலில் உயிருள்ள புற்றுநோய் அணுக்கள் செலுத்தப்பட்டன. அவை இன்னவை என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஆயினும், இவர்களை ஆய்விலிருந்து முற்றிலும் விலக்கிவைப்பதிலும் ஆபத்து உண்டு. மறதிநோய் உள்ள முதியோர் அமைதியின்றிக் கூச்சலிடும்போது, அவர்களை அடக்குவதற்கு மனநோய் மாத்திரைகளைக் கொடுப்பது பல நாடுகளில் நெடுநாள் வழக்கமாயிருந்தது. இந்த மாத்திரைகளை உட்கொண்டுவந்த 165 இல்லவாசிகளைப் பிரிட்டனில் ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு அதே மாத்திரை தொடர்ந்தது. மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டது. முடிவு 2009இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 46 சதவீதம். நிறுத்தியவர்களில் 71 சதவீதம். (மருத்துவரைக் கேளாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) அந்த முதியோர் பங்குபெறாதிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா?

மருந்தில்லாத ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனில் 69 இல்லங்களில், 847 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஊழியருக்கு நல்ல பயிற்சியும், ஒவ்வொருவரோடும் அவர் விரும்பும் காரியங்களில் வாரத்திற்கு ஒரு மணி நேரம் செலவிடுதலுமே அங்கே கொடுக்கப்பட்ட 'மருந்து'. அவர்களுடைய வாழ்க்கைத் தரம் உயர்ந்தது; கலக்கம் குறைந்தது.

அப்படியானால் கையொப்பமிட்டுவிடலாமா? பொறுங்கள். நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நினைவாற்றலைக் கடுமையாகக் குலைக்கும் கோளாறையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. சிகிச்சையையோ மருந்தையோ சோதிக்கும் ஆய்வில், தாமாகச் சம்மதிக்க இயலாதவரைச் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். சம்மதம் தரக்கூடியவர்களைக் கொண்டே அந்த ஆய்வை நடத்த முடியுமானால், அனுமதி இல்லை. நியமனப் பிரதிநிதி சம்மதம் தந்தாலும், எந்த நேரத்திலும் அதைத் திரும்பப் பெறலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் எதிர்ப்புக் காட்டாதவராக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது.

எதிர்ப்பு என்பது வாயினால் "வேண்டாம்" என்பது மாத்திரமன்று. ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வதும், கேள்வி கேட்பவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் மறுப்பே. நேற்றுச் சிரித்தவர் இன்று மறுக்கலாம். ஆகையால் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். நம்மவர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்காலத்தில் கற்ற இந்தியும் கன்னடமும் மங்கி, தமிழ் மாத்திரம் நிலைத்திருக்கும் தாயிடம் இந்தியில் கேட்டு, அவர் மௌனத்தைச் சம்மதமென்று எழுதிக்கொள்ள இடங்கொடாதீர்கள். தமிழில் கேட்க ஆள் உண்டா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறதா? அப்படியானால் தாயாரிடமே பேசுங்கள். "அம்மா, பின்னாட்களில் இப்படி ஓர் ஆய்வுக்குக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?" தமக்காகப் பேசவேண்டிய பிரதிநிதி யார் என்பதை ஒரு வெற்றுத்தாளில் எழுதி, அவர் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டால் சட்டத்திற்கு அது போதும். அவர் உங்களைத் தவிர்த்து, ஊரிலிருக்கும் தம் தங்கையின் பெயரைச் சொன்னாலும் அதையே எழுதுங்கள்.