குடலுக்குள் குடியிருப்போர்

இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்பது பரமக்குடிச் சீமையில் நேற்று வந்த வழக்கமன்று. வைகைக்கு அக்கரையிலுள்ள எமனேசுவரத்துத் தறிக்காரரைக் கேட்டால், தறிக்குழியில் இறங்குமுன் வயிறு குளிர வேண்டாமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார். ஆனால் அந்தச் சோறு முழுவதும் அவரையே சேருவதில்லை. அதில் ஒரு பங்கை வேறு சிலர் பெற்றுக்கொள்கிறார்கள். அவருடைய பெருங்குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் அவர்கள்.

கிருமி என்றதும் நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காக வாடகை செலுத்தும் கண்ணியமான குடித்தனக்காரர்கள்! சமைத்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாப்பொருளில் கொஞ்சம் இறுகி, நமது ஜீரண நீர்களுக்கு வசப்படாமல் பெருங்குடல் வரையில் வந்துவிடுகிறது. பயறு, கீரை, தவிடு நீக்காத தானியம் இவற்றிலுள்ள நார்ப்பொருளும் அப்படியே. அவற்றைப் புளிக்க வைத்து இவர்கள் 'பியூட்ரேட்' என்ற பொருளை உண்டாக்குகிறார்கள். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலத்தின் நெருங்கிய உறவு அது. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு அதுவே முதன்மையான ஆகாரம். வாடகை என்று சொன்னது அதைத்தான்.

இனித்தான் விந்தை. ஆரோக்கியமான அணுவை வளர்க்கும் இதே பியூட்ரேட், புற்றுநோய் கண்ட அணுவை அடக்குகிறது. ஆராய்ச்சிசாலையில் வளர்த்த அணுக்களைக் கொண்டு, அமெரிக்காவில் வட கரோலினா சர்வகலாசாலையார் 2012-ல் இதற்குக் காரணம் காட்டினார்கள். புற்றணுவுக்குச் சர்க்கரையின்மேல்தான் மோகம். பியூட்ரேட்டை அது அவ்வளவாக எரித்து உண்பதில்லை. உண்ணப்படாமல் தேங்கிய பொருள் அணுவின் உட்கருவில் சேருகிறது. அங்கே எந்த மரபணு வேலை செய்வது, எது ஓய்ந்திருப்பது என்ற ஏற்பாட்டையே மாற்றி, அணு பெருகும் வேகத்தைத் தணித்துவிடுகிறது.

அப்படியானால், நோய் கண்டவர்களின் குடலில் பியூட்ரேட் தரும் குடிகளின் கதி என்ன? இதை ஆராய்ந்தவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும், பாலமுருகன் முதலிய அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2008-ல் வெளிவந்தது. காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு நீரில் எளிதில் ஜீரணமாகாத மாவைச் சேர்த்தால் பேதி விரைவில் நிற்கிறது என்று 2000-ல் காட்டியவரும் இதே ராமகிருஷ்ணாதான். 2008-ல் அவர்கள் பெருங்குடற் புற்றுநோயாளிகள் 20 பேருடைய மலத்தையும், நோயற்ற 17 பேருடைய மலத்தையும் சோதித்தார்கள். பியூட்ரேட் தரும் இரண்டு முக்கிய இனங்கள் நோயாளிகளிடம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற வேறோர் இனமோ பெருகியிருந்தது.

நல்ல குடிகள் வெளியேறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குடிகள் வெளியேறினார்களா? முப்பத்தேழு பேரை ஒருமுறை சோதித்து இதைத் தீர்மானிக்க முடியாது. கெட்ட குடிகளின் சங்கதியிலேயே வழக்கு சற்றுத் தெளிவாயிருக்கிறது. வாயில், பல்லிடுக்கில் வாழும் ஃபூசோபாக்டீரியம் என்ற கிருமி பெருங்குடற் கட்டிகளுக்குள் மிகுந்திருப்பதைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டு 2011-ல் வெளியிட்டார்கள். அது புற்றணுவைப் பற்றிக்கொண்டு வளர்ச்சியைத் தூண்டும் விதம் 2013-ல் விளங்கியது. கட்டி கல்லீரலுக்குப் பரவும்போது இந்தக் கிருமியும் கூடவே பிரயாணம் செய்கிறது என்று 2017-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். எலிகளில் அந்தக் கிருமியை மருந்தால் ஒடுக்கியபோது கட்டியின் வளர்ச்சியும் தளர்ந்தது.

இதைப் படித்துவிட்டு, பழைய சோறு புற்றுநோய்க்கு மருந்து என்று யாராவது விளம்பரம் செய்யாமலிருக்க வேண்டும்! பரம்பரையாக இந்நோய்க்கு ஆளாகக்கூடிய தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒரு பாதியினருக்கு, எளிதில் ஜீரணமாகாத மாப்பொருளைத் தினந்தோறும் 30 கிராம் கொடுத்து, பல ஆண்டுகள் கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பெருங்குடற் புற்று குறையவில்லை. வேறு உறுப்புகளில் தோன்றும் புற்றுகள் குறைந்திருந்தன. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஆயினும் மறைக்காமல் சொன்னார்களே, அதுதான் சாஸ்திரம்.

ஆகவே பழைய சோற்றை ருசிக்காகவும் குளிர்ச்சிக்காகவும் உண்போம். நோயின் அறிகுறியை மட்டும் வேறு விதமாகப் பார்க்கவேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் நம் ஊர்களில் உடனே மூலம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மூலம், பௌத்திரம் என்று விளம்பரம் எழுதாத சுவர் நம் சாலைகளில் உண்டா? பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் இரத்தம் தொடர்ந்து வந்தாலும், மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலும், காரணமின்றி உடல் இளைத்துச் சோகை கண்டாலும், லேகியத்தில் மாதங்களைக் கழிப்பது ஆபத்து. பரமக்குடியில் ரயிலேறினால் மதுரை அதிக தூரமில்லை. அங்கே அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. சிறு விளக்குப் பொருத்திய வளையும் குழாயைச் செலுத்தி, குடலின் உட்புறத்தை வைத்தியர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய சிறு சதை முளை தென்பட்டால், பெரும்பாலும் அந்தக் குழாயின் வழியாகவே, வயிற்றைக் கீறாமல், எடுத்துவிடுகிறார்கள்.