ஹட்டனில் ஒரு ஞாயிறு

ஹட்டன் வியாபாரத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புவோர், தோட்டங்களில் சம்பளம் போட்ட கையோடு வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கு போக வேண்டும். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பஸ்கள் காலையிலேயே ஆட்களை இறக்கிவிடுகின்றன. சந்தையில் கரட்டும் லீக்ஸும் குவிந்திருக்கும். புடவைக் கடைகளில் பேரம். ஹோட்டல்களில் கொத்து ரொட்டிச் சத்தம். (நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுவதால், பிளேன்டீ மட்டும் சுமார்தான்!)

துரைமாரின் தோட்டக் கணக்குகளுக்காக 1888இல் இங்கு தொடங்கிய ஹட்டன் வங்கியே 1970இல் ஹட்டன் நஷனல் வங்கியானது. தொழிலாளிக்குக் கடன் கொடுத்ததோ பலசரக்குக் கடைதான். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆனால் இடையில், 2022 நெருக்கடியில் அரிசியும் மாவும் விலையேறி, உயர்வைத் தின்றுவிட்டன. கொப்பியில் கடன் எழுதாத கடைக்கு ஆள் வராது. கொப்பி தடித்தாலோ மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் காசிராது.

மூச்சுவிட இடம் தருவது டிசம்பர் முதல் மே வரையான பாவா ஆதம் மலைப் பருவம். யாத்திரிகர் ரயிலில் வந்திறங்கி, ஸ்வெட்டரும் டோர்ச்சும் பிஸ்கட்டும் கைக்காசுக்கு வாங்குகிறார்கள். அந்தக் காசைப் பழைய பாக்கிக்குக் கொடுக்காமல் சரக்கில் போட்டவர், மழைக்காலத்தில் தடுமாறுவார். வெசாக் முடிந்தால் மறுபடியும் கொப்பிதானே!