பத்துச் சக்கரத்தை ஆறாக்கலாமா?



கரும்பு வெட்டும் காலமும் மக்காச்சோளம் ஒடிக்கும் காலமும் வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் எல்லோர் வாயிலும் லாரி வாடகைப் பேச்சுத்தான். எறையூர் ஆலைக்குக் கரும்பு போக வேண்டும். செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் சந்தைக்குப் போக வேண்டும். ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரி இருக்கிறது. பாடுபட்ட பணத்தில் ஒரு பங்கு வண்டிச் சத்தத்துக்கே போய்விடுகிறது.

"ஐயா, மிலிட்டரி லாரி ஏலத்துல மலிவாக் கிடைக்குதாமே. பத்துச் சக்கர லாரியை வாங்கி, பின்னாடி ஒரு அச்சைக் கழட்டிட்டு, நீளத்தையும் குறைச்சுட்டா நம்ம வண்டிப்பாதைக்குச் சரியா இருக்குமில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பட்டறையில் இதைச் செய்ய முடியும். ஆனால் செய்தபின் அந்த லாரி எவ்வளவு பாரம் தாங்கும், சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராணுவச் சாமான் விவசாயத்துக்குப் புதிதல்ல

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டுதான் மத்திய டிராக்டர் அமைப்பு 1947-ஐ ஒட்டி வேலையைத் தொடங்கியது. வடக்கே நாணல் மண்டிக்கிடந்த நிலங்களை உழுது திருத்தினார்கள். பிறகு 1949-ல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் பெற்றுப் புதிய இயந்திரங்களும் வாங்கினார்கள். ஆகவே ராணுவம் கழித்த வண்டி என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். அதை எந்த வேலைக்குச் செய்தார்களோ அந்த வேலைக்கு அது கெட்டியானது.

பின்னால் இரண்டு அச்சு எதற்கு?

சேறு, மணல், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் பாரத்தோடு போக வேண்டும் என்பதற்காகத்தான். இப்படிப்பட்ட லாரிகள் பலவற்றில் பின்பக்கத்து ஸ்பிரிங் கட்டு எப்படி அமைந்திருக்கிறது தெரியுமா? நம்ம கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற மரம் நடுவில் தாங்கி நிற்கும். ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். அதேபோல ஸ்பிரிங் கட்டின் நடுப்பாகம் சேசிஸில் சுழலும்படி மாட்டியிருக்கும். முன்முனை ஒரு அச்சின்மேலும், பின்முனை அடுத்த அச்சின்மேலும் உட்கார்ந்திருக்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினாலும் பாரம் இரண்டு அச்சுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும்.

இதில் ஒரு அச்சை மட்டும் கழற்றினால் என்ன ஆகும்? தராசில் ஒரு தட்டை அறுத்துவிட்ட கதைதான். ஸ்பிரிங் கட்டின் மறுமுனைக்குத் தாங்கல் இல்லை, அது நிற்காது. ஆகவே "ஒரு அச்சைக் கழற்றுவது" என்பது நாலு போல்ட்டைக் கழற்றுகிற வேலை அல்ல.

பட்டறையில் என்னென்ன மாற்ற வேண்டும்?

அமெரிக்காவில் ராணுவம் கழித்த எம்-35 ரக லாரியை இப்படிக் குட்டையாக்கி ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். காட்டுப்பாதையில் இரண்டரை டன்னும், நல்ல சாலையில் ஐந்து டன்னும் ஏற்றலாம் என்று கணக்கிட்டுச் செய்த ஆறு சக்கர இழுவை லாரி அது. அதில் நடக்கும் வேலையைப் பாருங்கள். பழைய ஸ்பிரிங் கட்டை எடுத்துவிட்டு, இரண்டு முனையும் சேசிஸில் தொங்குகிற வேறு ஸ்பிரிங் கட்டை மாட்ட வேண்டும். மிஞ்சும் அச்சைப் புதிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். அச்சு நகர்ந்தால் புரொப்பல்லர் ஷாப்டின் நீளமும் சாய்வும் மாறும். பிரேக் குழாய்களைப் புதிதாக ஓட்ட வேண்டும். பிறகு சேசிஸின் வால் பகுதியை அறுத்து, பாடியையும் குட்டையாக்க வேண்டும்.

வாலை அறுப்பது ஒரு மாதிரி. வண்டியின் நடுவே சேசிஸை அறுத்துப் பற்றவைப்பது வேறு மாதிரி. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் சேசிஸ் இரும்பின் பலம் மாறிவிடும். பாரத்தோடு குலுங்கிக் குலுங்கி ஓடும்போது, பற்றவைத்த ஓரத்தில்தான் முதலில் விரிசல் விழும்.

அச்சு நிற்கும் இடமும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். லாரியிலும் அப்படித்தான். பாரம் அச்சுக்குப் பின்னால் விழுந்தால் முன்சக்கரம் தரையை அழுத்தாது. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி திரும்பாது.

பாரக் கணக்கு

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி பின்னால் நாலு டயருள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன், இரட்டை அச்சுக்கு 21 டன். வண்டியும் பாரமும் சேர்ந்து மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன், இரண்டு அச்சு லாரிக்கு 18.5 டன். இது உச்சவரம்பு மட்டுமே. லாரியைச் செய்த கம்பெனி அதற்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான் கணக்கு.

உங்கள் லாரியின் பின்பக்கம் 8 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சு இருந்தால் அச்சுக்கு 4 டன். ஒரு அச்சானால் 8 டன்னும் அதன் தலையிலேயே. முன்பு எட்டு டயர் தாங்கியதை இப்போது நாலு டயர் தாங்க வேண்டும். பின்பக்கத்து பிரேக் டிரம் நாலு இருந்தது இரண்டாகிவிடும். ஆகவே அச்சைக் கழற்றியவர் பாரத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். கரும்பு ஏற்றுகிற நேரத்தில் யார் குறைக்கிறார்கள், சொல்லுங்கள்!

நம்ம மண்ணையும் நினைக்க வேண்டும். மழை பெய்த கரிசலில் சுமை பல சக்கரங்களில் பரவினால் வண்டி கரையேறும். அதே சுமை ஒரே அச்சில் இறங்கினால் புதையும். ராணுவத்தார் இரண்டாம் அச்சு வைத்ததே இதற்குத்தான். லாபம் இல்லாமல் இல்லை. குறுகிய இடத்தில் திரும்பும், டயர் செலவில் நாலு டயர் மிச்சம். ஆனால் இழப்பது அதைவிடப் பெரிது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, கம்பெனி செய்த அமைப்புக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரும் புதிருமாக ஓடுவது உங்களுக்குத் தெரியும். அதே சாலையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அங்கே பிரேக் பிடிக்காமல் ஒரு விபத்து நேர்ந்தால், பதிவுக்கு மாறான வண்டி என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. நஷ்டஈட்டுக்குக் காணியை விற்கும்படி ஆகிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

ஒற்றைப் பின்னச்சு வண்டிதான் வேண்டுமென்றால், பிறக்கும்போதே அப்படிப் பிறந்த வண்டியைத் தேடுங்கள். 1959 முதல் ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிக்கு முன்னால் ஒரு அச்சு, பின்னால் ஒரு அச்சு. நாலு சக்கரமும் இழுக்கும். அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரியிலும் இந்த அமைப்பு உண்டு. இவற்றில் எதையும் அறுக்க வேண்டியதில்லை.

ராணுவம் கழிக்கும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் இணையவழி ஏலத்திலும் வருகின்றன. பணம் கட்டுமுன் ஏல அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். வண்டி சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்படுகிறதா, பழைய இரும்பாக விற்கப்படுகிறதா? பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவு நீட்டிப்பு இல்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ராணுவத்தின் சில சிறப்பு வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டென்றாலும், நீங்கள் ஏலம் கேட்கும் வண்டிக்கு உங்கள் பெயரில் பதிவு கிடைக்குமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்றும் விசாரியுங்கள்.

ஆண்டில் ஒரு மாதம் பாரம் அடிக்க ஒருவர் தனியாக லாரி வாங்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து, அறுவடை நாளை ஒழுங்கு செய்துகொண்டு, ஒரே லாரியைப் பேசிவிட்டால் போகும்போது காலியாகப் போகிற நடைக்கூலி மிஞ்சும்.

பழைய இரும்புக் கடையில் லாரி அச்சும் சக்கரமும் தனியாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். நல்ல டயர் வண்டி ஒன்று செய்துகொள்ளலாம். மாடு இழுக்கிற அந்த வண்டிக்கு 5 டன் ஆசை வராது. பாரத்தை மட்டும் முன்பாரமும் இல்லாமல் பின்பாரமும் இல்லாமல் நிதானமாக ஏற்றுங்கள்.