முதற்படித் தேர்வுக்குப் படிப்பது வீணா?



பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்புகிறது. "ஜேஇஇ மெயின் எழுதுகிறவர்கள் பல லட்சம் பேர்; ஐஐடியில் இடம் பெறுகிறவர்களோ சில ஆயிரம் பேர். இரண்டு வருடம் நம் பிள்ளை இதற்காகப் பிரயாசப்படுவதில் பயன் உண்டா?" பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மீதியை எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல.

முதலாவது, இத்தேர்வு இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டு முதல் இது இரண்டு படிகளாக நடைபெறுகிறது. முதற்படி மெயின். அதில் முன்னிலை பெறும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரே இரண்டாம் படியாகிய அட்வான்ஸ்ட் தேர்வை எழுதலாம். 23 ஐஐடிகளில் சேர அதுவே பிரதான வழி. 2024இல் மெயின் எழுதியோர் 14 லட்சத்துக்கும் அதிகம். ஐஐடி இடங்களோ 18 ஆயிரத்துக்கும் குறைவு.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். ஆனால் மெயின் வெறும் படிக்கட்டு அல்ல. அதுவே ஒரு வாசல். 31 என்ஐடிகளும் பல ஐஐஐடிகளும் மெயின் தேர்வின் தரவரிசையைக் கொண்டே பி.டெக். படிப்புக்கு மாணவரைச் சேர்க்கின்றன. ஆகவே ஐஐடி கிடைக்காவிட்டால் உழைப்பெல்லாம் வீண் என்று எண்ணாதிருங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவருக்கு உரியவை. எந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாரோ, அதுவே மாணவரின் மாநிலமாகக் கருதப்படும். சொந்த ஊர் கணக்கில் வராது. மும்பையில் படித்த திருநெல்வேலிப் பிள்ளைக்கு நாக்பூர் என்ஐடியில்தான் அந்த உரிமை, திருச்சியில் அல்ல. அதேவேளையில், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது; பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே போதும். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் நேட்டிவிட்டி சான்றிதழ் பெற்று அதற்கு விண்ணப்பிக்கலாம்.

அப்படியானால் மெயின் தேர்வுக்குப் படிப்பதில் பயன் உண்டா? உண்டு, ஆனால் அது பள்ளிப் படிப்போடு சேர்ந்து நடக்கும்போது மட்டுமே. இத்தேர்வின் பாடங்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் கணிதமும் இயற்பியலும் வேதியியலுமே. இவற்றை வேரூன்றக் கற்ற பிள்ளைக்குப் பொதுத்தேர்வும் மாநில நுழைவுத் தேர்வும் எளிதாகின்றன. மெயினில் தவறினாலும் கற்றது கையைவிட்டுப் போவதில்லை.

மாறாக, பள்ளிக்குப் போகாமல் பெயரை மட்டும் பதிவுசெய்து, பயிற்சி மையத்திலேயே நாளைக் கழிக்கும் 'டம்மி ஸ்கூல்' வழியை நாடாதிருங்கள். 2024இல் சிபிஎஸ்இ 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை இதன் காரணமாகவே நீக்கியது. மேலும், பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதமாவது பெற வேண்டும், அல்லது தம் வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருள் வர வேண்டும். இல்லையேல் தரவரிசை நன்றாயிருந்தும் என்ஐடியில் இடம் இல்லை. எஸ்சி, எஸ்டி மாணவருக்கு 65 சதவீதம் போதும்.

ஆறாம் வகுப்பிலேயே 'ஃபவுண்டேஷன்' வகுப்பில் சேர்த்துவிடத் துடிக்கும் பெற்றோரும் உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகமே வழிகாட்டுதல் வெளியிட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, அந்தக் கடனைத் தினமும் பிள்ளையின் காதில் ஓதுவது எவ்வளவு கொடிது! 2023இல் கோட்டா நகரில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பயிற்சி மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். எந்தக் கல்லூரி இடமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

செலவில்லாத வழிகளும் உண்டு. என்சிஇஆர்டி பாடநூல்களை வரிவரியாகப் படிக்கட்டும். தேர்வை நடத்தும் என்டிஏ, முந்தைய வினாத்தாள்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. ஐஐடி கான்பூர் உருவாக்கிய 'சாத்தீ' தளத்தில் பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் இலவசம். வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகட்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானதற்கு 1 குறையும். தெரியாததை விட்டுவிடக் கற்பதும் பயிற்சியே. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடப்பதால், முதல் முறை சறுக்கினால் கலங்க வேண்டாம். இரண்டில் சிறந்ததே எடுத்துக்கொள்ளப்படும்.

முடிவு வந்ததும் அதைச் சரியாக வாசியுங்கள். 90 பெர்சென்டைல் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அல்ல. 14 லட்சம் பேர் எழுதினால், முன்னே ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று பொருள். இதை அறியாமல் ஊரெங்கும் சொல்லிவிட்டுப் பின்பு பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமல்ல.

ஆகவே பணம் கட்டுமுன் பிள்ளையை அருகில் உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கணிதமும் இயற்பியலும் உனக்குப் பிரியமா? பொறியியல் உன் விருப்பமா, எங்கள் விருப்பமா? இது கிடைக்காவிட்டால் வேறு எதைப் படிப்பாய்? பதில் எதுவாயினும் கோபமின்றிக் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்குப் பிள்ளை தயங்கினால், அந்தப் பதிலை இருவருமாகச் சேர்ந்து தேடிவிட்டு, அதன்பின் படிப்பைத் தொடங்குங்கள்.