தீவனத்துக்குச் சந்தை விலை, பாலுக்கு அரசாணை விலை

ஒரு லிட்டர் பசும்பாலுக்கு ஆவின் கொடுப்பது 38 ரூபாய் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த 38 ரூபாயை முழுசாகக் கையில் வாங்கியவர் யாராவது உண்டா என்று ஏதாவது ஒரு பால் சொசைட்டி வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். இதில் 35 ரூபாய்தான் விலை. மீதி 3 ரூபாய், 2023 டிசம்பர் 18 முதல் அரசு தனியாகத் தரும் ஊக்கத்தொகை. அது தாமதமாக வருகிறது என்ற புலம்பல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த 35 ரூபாயும் பால் குறித்த தரத்தைத் தொட்டால்தான் கிடைக்கும். கொழுப்பு ஒரு கணக்கு, கொழுப்பு நீங்கலான இதர சத்து இன்னொரு கணக்கு. இரண்டில் எது இறங்கினாலும் விலையும் இறங்கும். ஒரே தெருவில், ஒரே காலையில் ஊற்றிய பாலுக்கு ஆளாளுக்கு வேறு வேறு விலை விழுவது இதனால்தான்.

தரம் பார்த்து விலை போடுவதைத் தவறு என்று சொல்ல முடியாது. தண்ணீர் கலப்பவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே விலை என்றால் எந்தச் சங்கமும் நிலைக்காது. ஆனால், தண்ணீரே கலக்காதவரின் பாலும் ஏன் தரம் குறைகிறது? மாட்டின் வயிற்றுக்கு நார்ச்சத்து போதவில்லை என்றால் கொழுப்பு குறையும். அடர்தீவனம் போதவில்லை என்றால் பாலின் புரதம் இறங்கி, இதர சத்து அடிவாங்கும். சித்திரை வெயிலில் மாடு தீனியைக் குறைத்தாலும் இதே கதைதான். வைக்கோல் விலை ஏறிவிட்டதே என்று ஒரு கை குறைத்துப் போட்டவருக்குக் கொழுப்பில் இழப்பு. புண்ணாக்கைக் குறைத்தவருக்கு டிகிரியில், அதாவது இதர சத்தில், இழப்பு. செலவைக் குறைக்க என்ன செய்தாலும் அது பத்து நாள் பட்டுவாடாவில் வரவையும் சேர்த்தே குறைக்கிறது.

இன்னோர் இழப்பு மெதுவாக வரும். மெலிந்த மாடு சரியாகப் பருவத்துக்கு வராது. சினை ஊசி போட்டாலும் நிற்காது. கன்று போட்ட மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தால்தான் ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கு ஓடும். தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அப்படி நாலு முறை தவறினால், கிட்டத்தட்ட மூன்று மாதத் தீனி தண்டம்.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு இது: கலப்பினப் பசுவின் உடம்பைப் பேண நாளுக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்தரை கிலோ ஆகிறது. ஒரு கணக்குக்காகத் தீவனம் கிலோ 28 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீவனத்துக்கு மட்டும் 154 ரூபாய். பாலுக்கு லிட்டர் 34 ரூபாய் விழுகிறது என்றால் வரவு 340. மீதி 186 ரூபாயில் வைக்கோல், பசுந்தீவனம், தாது உப்பு, ஊசி, மருந்து எல்லாம் வர வேண்டும். கறவை வற்றிய இரண்டு மாதத்துக்கும் மாடு தின்னும், அதுவும் இதிலிருந்துதான். மாடு வாங்கிய கடனுக்குத் தவணை இருந்தால் அதுவும். 2025-26-ல் நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஒற்றை மாட்டை வைத்திருப்பவர் 186, 336 என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருப்பாரா?

பார்த்துவிட்டும் மாட்டை விடாமல் இருப்பதற்குக் காரணம், அந்த வீட்டில் கூலி என்று எழுதப்படாத ஓர் உழைப்பு இருப்பதுதான். விடியற்காலை சாணி அள்ளுவது, கறப்பது, புல் அறுத்துச் சுமந்து வருவது, தண்ணீர் காட்டுவது, மாலையில் மறுபடியும் கறப்பது என்று பெரும்பகுதி பெண்களின் தலையில்தான் விழுகிறது. உற்பத்திச் செலவு பற்றிய பேச்சுவார்த்தைகளில் புண்ணாக்கு விலை பேசப்படும் அளவுக்கு இந்த உழைப்பின் விலை பேசப்படுவதில்லை. பேசினால் 42 ரூபாய்கூடக் கட்டாது.

42 என்பது நானாகச் சொன்ன எண் அல்ல. 2023 மார்ச் மாதம் பால் உற்பத்தியாளர்கள் லிட்டருக்கு 7 ரூபாய் உயர்த்தக் கேட்டு ஆவினுக்குப் பால் அனுப்புவதை நிறுத்திப் போராடினார்கள். அப்போது பசும்பால் 35, எருமைப்பால் 44. கேட்டது 42-ம் 51-ம். போராட்டம் நடந்து ஒன்பது மாதம் கழித்து வந்தது மேலே சொன்ன 3 ரூபாய் ஊக்கத்தொகை.

விலைப் பட்டியலைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். 2019 ஆகஸ்டில் பசும்பால் கொள்முதல் விலை 28-லிருந்து 32 ஆனது, எருமைப்பால் 35-லிருந்து 41. கூடவே பாக்கெட் விலை லிட்டருக்கு 6 ரூபாய் ஏறியது. அதற்குப் பிறகு 2022 நவம்பர் வரை மூன்று ஆண்டுக்கும் மேல் கொள்முதல் விலையில் அசைவே இல்லை. இடையில் 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் பாக்கெட் விலையில் 3 ரூபாய் குறைத்தார்கள். நீலப் பாக்கெட் 43-லிருந்து 40, பச்சை 47-லிருந்து 44. நகரத்துக் குடும்பங்களுக்கு நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்த 3 ரூபாயின் சுமை எங்கேயாவது போய் உட்கார வேண்டுமே. 2022 நவம்பரில் உற்பத்தியாளருக்கு 3 ரூபாய் உயர்த்தியபோது ஆரஞ்சுப் பாக்கெட்டை மட்டும் மாதாந்திரப் பால் அட்டை இல்லாதவர்களுக்கு 60 ரூபாயாக ஏற்றி இடைவெளியை அடைக்கப் பார்த்தார்கள். 2023 இறுதியில் நாலரை சதவீதக் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டின் இடத்தில், அதே 44 ரூபாய்க்கு மூன்றரை சதவீதக் கொழுப்புள்ள ஊதாப் பாக்கெட்டைக் கொண்டுவர முயன்றதும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. எந்தக் கட்சி ஆண்டாலும் பாக்கெட் விலையைத் தொடப் பயம். கர்நாடகத்தில் 2025 ஏப்ரல் முதல் தேதி நந்தினி பால் விலையை 4 ரூபாய் ஏற்றியபோது அங்கும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் ஏற்றினார்கள், உயர்வு உற்பத்தியாளருக்கு என்று சொல்லியே ஏற்றினார்கள்.

தீவனக் கடைக்காரருக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. மூட்டை விலை மாறினால் மறுநாளே மாறும். மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தீவன ஆலைக்கும் அதுதான் வேண்டும், நாமக்கல் கோழிப் பண்ணைக்கும் அதுதான். 2018-ல் பெரம்பலூர் பக்கம் படைப்புழு வந்து வயல் வயலாகத் தின்றபோது ஒருமுறை அடி விழுந்தது. பிறகு எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டியாக வந்தன. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024-ல் நிகரக் கணக்கில் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நாடாகவே மாறியது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கொள்கைக்கும் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வைக்கோல் கதை வேறு. டெல்டாவில் கையறுப்பு போய் அறுவடை இயந்திரம் வந்தபின், சிதறிக் கிடக்கும் வைக்கோலை இன்னோர் இயந்திரம் சுருட்டிக் கட்டித் தருகிறது. அந்தக் கட்டுகள் லாரி ஏறி மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகின்றன. வாடகை, டீசல், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்துதான் மானாவாரிப் பகுதிக்காரர் வீட்டுப் படப்பில் ஏறுகிறது. சம்பா அறுப்பு சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் வைக்கோல் கறுத்துவிடும், விலையோ குறையாது.

தனியாருக்கு ஊற்றலாமே என்பார்கள். ஊற்றுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் பால் உற்பத்தியாகும் மாநிலத்தில் ஆவினுக்குப் போவது ஒரு சிறு பங்குதான். பால் தட்டுப்பாடான மாதங்களில் தனியார் பண்ணைகள் ஆவினைவிட அதிகம் கொடுப்பது உண்மை, உடனே பணம் தருவதும் உண்மை. பால் பெருகும் மாதங்களில்தான் சிக்கல். மிஞ்சும் பாலை அவர்கள் பவுடராக்குவார்கள். பவுடர் கிடங்கில் தேங்கினால், உலகச் சந்தையில் விலை சரிந்தால், கொள்முதல் விலையைக் குறைப்பார்கள். 2018 ஜூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் பாலைத் தெருவில் கொட்டிப் போராடியதன் பின்னணியில் பவுடர் விலைச் சரிவு இருந்தது. 2020 ஊரடங்கில் டீக்கடைகள் மூடியதும் தனியார் கொள்முதல் சுருங்க, அந்தப் பாலெல்லாம் ஆவின் சங்கங்களை நோக்கித் திரும்பியது. ஆகாத காலத்தில் வாங்கிக்கொள்ள ஒரு கூட்டுறவு இருப்பதன் அருமை அப்போது தெரிந்தது. விலை நன்றாக இருக்கும் காலத்தில் அது மறந்தும் போகிறது, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023-ல் அமுல் கிருஷ்ணகிரி பக்கம் குளிரூட்டும் மையம் அமைத்துப் பால் வாங்க முனைந்தபோது, அதைத் தடுக்கக் கோரி முதல்வர் மு.க.ஸ்டாலின் மே 25 அன்று மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் எல்லைக்குள் இன்னொரு கூட்டுறவு நுழையக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், வாங்க வருபவரைத் தடுப்பவர், வாங்கிக்கொண்டிருக்கும் விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு ஆவினின் கொள்முதல் சரிந்த பிறகுதான் சூடு பிடித்தது.

இதற்கிடையே சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். கால் ஏக்கர் பாசன நிலமும் தண்ணீரும் உள்ளவர்கள் கோ-5 கம்பு நேப்பியர் புல்லை நட்டு, ஆண்டுக்கு ஆறேழு முறை அறுக்கிறார்கள். வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் வைத்தால் புண்ணாக்கில் கொஞ்சம் மிச்சம். புல்லைத் துண்டாக நறுக்கிப் போட்டால் மாடு மிதித்து வீணாக்குவது குறையும். காங்கயம் பக்கத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் உள்ளவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல் இருக்கிறது. இதெல்லாம் நிலம் உள்ளவர் சங்கதி. கடனில் ஒரு மாட்டை வாங்கி, ரோட்டோரப் புல்லை நம்பி இருக்கும் நிலமற்ற குடும்பத்திடம் போய் நேப்பியர் நடச் சொல்வது கிண்டலாகத்தான் கேட்கும். அவர்களில் சிலர் சொசைட்டியைத் தாண்டி டீக்கடைக்கும் நாலு வீட்டுக்கும் நேரடியாக ஊற்றி, லிட்டருக்கு ஐந்தோ பத்தோ கூடப் பார்க்கிறார்கள். டவுனுக்குப் பக்கத்து ஊர் என்றால்தான் அதுவும் நடக்கும்.

நெல்லுக்கு ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். கரும்புக்கும் பருவத்துக்குப் பருவம் விலை நிர்ணயிக்கிறார்கள். போதுமா போதாதா என்பது வேறு சண்டை, அறிவிப்பாவது வரும் என்று விவசாயிக்குத் தெரியும். பாலுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. தீவன விலை இவ்வளவு ஏறினால் கொள்முதல் விலை இவ்வளவு ஏறும் என்ற விதியும் கிடையாது. இன்று பிறந்த கிடேரிக் கன்று பால் கறக்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை தீனி போட்டு வளர்ப்பதா, இப்போதே தரகரைக் கூப்பிட்டுக் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஏற்றிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு, அன்றைக்குப் பால் என்ன விலை போகும் என்று சொல்ல சொசைட்டி செயலாளராலும் முடியாது, கோட்டையில் இருப்பவராலும் முடியாது.