விளக்கை அணைத்தால் போதுமா?

ஏர்பேக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். மறைக்கவோ ஒரு சின்ன ரெசிஸ்டர் போதும்.

பனச்சமூட்டில் நிற்பது தமிழ்நாட்டிலா கேரளத்திலா என்பதை வண்டிகளின் நம்பர் பிளேட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. மார்த்தாண்டத்தின் டிஎன் 75, பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20 எல்லாம் ஒரே சாலையில்தான் ஊர்கின்றன. 1956 நவம்பர் 1இல் வந்த எல்லைக்கோடு மழைக்கும் தெரியாது. தென்மேற்குப் பருவமும் சரி, வடகிழக்குப் பருவமும் சரி, இரு பக்கமும் பாரபட்சமின்றிக் கொட்டும். கார்களுக்குள் புகும் இந்த ஈரத்துக்கும் டேஷ்போர்டில் எரியும் ஒரு குட்டி விளக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு.

உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் பலூன் ஊதியதுபோல் படம் போட்ட விளக்கு அது. சாவியைத் திருப்பியதும் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏர்பேக் அமைப்பில் எங்கோ கோளாறு. அந்த நிலையில் மோதல் நேர்ந்தால் பை விரியாமலே போகலாம். ஆனால் வண்டி ஓடும், ஏசி குளிரும், பாட்டும் கேட்கும். அதனால் மாதக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. இத்தனைக்கும் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் 2022 தொடக்கத்திலிருந்து கட்டாயமாகிவிட்டது.

கோளாறைத் தேடும் வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் இங்கே உதவாது. ஏர்பேக் கம்ப்யூட்டருடன் பேசத் தெரிந்த கருவி வேண்டும். அதுவும் எந்த சர்க்யூட்டில் பிரச்னை என்பதைத்தான் சொல்லும். 'ஓட்டுநர் பை சர்க்யூட்டில் மின்தடை அதிகம்' என்று வந்தால் பை கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. பல சமயம் பை நிரபராதி.

குற்றவாளி ஸ்டியரிங்குக்குள் ஒளிந்திருக்கலாம். கிளாக் ஸ்பிரிங் எனப்படும், நாடாபோல் சுருட்டிய கேபிள் அங்கே இருக்கிறது. ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் மின் இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஹாரனும் கூடவே ஊமையாகிவிட்டால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். அடுத்த சந்தேகம் முன் இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் மீது. சீட் கவர் மாட்டும்போதோ உள்ளே சுத்தம் செய்யும்போதோ அது தளர்ந்துவிடுகிறது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போது விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் ஆள் சிக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு இருக்கவே இருக்கிறது தண்ணீர். கதவு ரப்பர் வழியாகவோ, ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டோ கால்மிதிக்கு அடியில் ஈரம் தேங்கினால் கனெக்டர்களில் பச்சை பூக்கும். பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டரே இரு முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது.

பையின் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்சாரமே அதை வெடித்து விரியச் செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சேமிப்பு மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் காத்திருந்து, பைக்குப் பதிலாக ஏறக்குறைய 2 ஓம் ரெசிஸ்டரை மாட்டிப் பார்ப்பதுதான் முறை. கோளாறு மறைந்தால் பையில் பழுது. மறையாவிட்டால் கிளாக் ஸ்பிரிங்கிலோ வயரிலோ தேட வேண்டும்.

வில்லங்கமும் இந்த ரெசிஸ்டரில்தான். விபத்தில் பை விரிந்த காரைச் சரிசெய்து விற்பவர் புதிய பை வாங்காமல் ரெசிஸ்டரை அங்கேயே விட்டுவிட்டால், கம்ப்யூட்டர் பை இருப்பதாகவே நம்பும். விளக்கும் ஒழுங்காக எரிந்து அணையும். மூடிக்குள் வெறும் பள்ளம். இன்னும் சிலர் போலிப் பைக்குப் போகிறார்கள். 2024 ஏப்ரலில் டெல்லி போலீஸ் 900க்கும் மேற்பட்ட போலி ஏர்பேக்குகளைக் கைப்பற்றியது.

பழைய கார் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது விளக்கு எரிகிறதா என்பதை. எரியவே இல்லையென்றால் பல்ப் பிடுங்கப்பட்டிருக்கலாம். ஸ்டியரிங் மூடியின் நிறம் மாறியிருந்தாலும், டேஷ்போர்டில் ஒட்டுப்போட்டிருந்தாலும், பெல்ட் இழுக்க வராமல் இறுகியிருந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் பழைய மோதல் பதிவு இருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

விளக்குக்கே தெரியாத கோளாறும் ஒன்று உண்டு. 2017இல் திவாலான ஜப்பானின் டகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டால் பைகளை ஊதவைத்தது. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது ஆண்டுக்கணக்கில் சீரழிந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஹோண்டாவின் இந்தியக் கார்களும் அதில் அடக்கம். வயரிங் சரியாக இருந்ததால் டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்டால்தான் இது தெரியும்.

மோதிய பிறகு பை விரியவில்லையென்றால் யார் நிரூபிப்பது? டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் 2017இல் நடந்த விபத்தில் ஹூண்டாய் காரின் பைகள் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்று நிறுவனம் வாதிட்டது. வேகத்தையும் விசையையும் கணக்குப்போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற உச்ச நீதிமன்றம், 2022 ஏப்ரலில் காரை மாற்றித் தரும் உத்தரவை உறுதி செய்தது. கேரளத்தின் மலப்புரம் நுகர்வோர் ஆணையம் இதுபோன்ற இன்னொரு வழக்கில் 2023இல் கார் விலையையே திருப்பித் தரச் சொன்னது. அங்கே கைகொடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை.