மாஷ் தொடரும் சிரிப்புப் பெட்டியும்

அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் வசனத்துக்கு வசனம் ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பல தொடர்களில் அந்தக் கூட்டம் ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் 1950-களில் உருவாக்கிய கருவி அது. உள்ளே, மனிதர்களின் சிரிப்பு பதிவான ஒலிநாடாச் சுருள்கள். வெளியே, டைப்ரைட்டர் போன்ற விசைகள். ஒன்றைத் தட்டினால் அடக்கமான சிரிப்பு, இன்னொன்றுக்கு வெடிச்சிரிப்பு. உள்ளமைப்பு யாருக்கும் தெரியாதபடி பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தார்.

1972-ல் தொடங்கிய ‘மாஷ்’ தொடருக்கும் இந்தச் சிரிப்பு ஒட்டப்பட்டது. கொரியப் போர்முனைக்கு அருகே, கூடாரங்களில் இயங்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனைதான் கதைக்களம். பார்வையாளர்கள் இல்லாமல், சினிமா போலவே படமாக்கினார்கள். ஆனாலும் சிரிப்பொலி வேண்டும் என்று, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் பிடிவாதம் பிடித்தது. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் ஒரே ஒரு விலக்கு வாங்கினார்கள்: அறுவை சிகிச்சைக் காட்சிகளில் சிரிப்பு கூடாது. தொடரின் எதிர்காலமே அந்த விலக்கில்தான் இருந்தது என்பேன்.

முதல் சீசன்களில் கூடாரத்துக்குள் சாராயம் காய்ச்சுவதும் மேலதிகாரிகளை ஏய்ப்பதுமாகக் கலகலப்பு. 1975-ல், மூன்றாம் சீசனின் முடிவில், மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக் ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊருக்குக் கிளம்புகிறார். சற்று நேரத்தில் எழுத்தர் ரேடார் அறுவை அறைக்குள் வந்து, அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதைப் படிக்கிறான். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன, கைகள் நிற்கவில்லை. எங்கோ ஒரு கருவி தரையில் விழும் ஓசை. அந்தக் காட்சியின் வசனப் பக்கத்தை நடிகர்கள் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் கொடுத்தார்கள். பார்வையாளர்களின் கோபக் கடிதங்கள் குவிந்தன.

பிறகு கெல்பார்ட் விலகினார். கதாநாயகன் ஆலன் ஆல்டா எழுத்திலும் இயக்கத்திலும் கூடுதலாக இறங்கினார். கேலிக்கென்றே இருந்த மருத்துவர் பர்ன்ஸுக்குப் பதில், கர்வம் பிடித்த, ஆனால் கைதேர்ந்த மருத்துவர் வின்செஸ்டர் வந்தது மிக நல்ல மாற்றம். ஏழாம் சீசனில் ஒரு கதை முழுவதையும் காயம்பட்ட சிப்பாயின் கண் வழியாகவே காட்டினார்கள். ஒட்டுச் சிரிப்பு படிப்படியாக மெலிந்தது. பிந்தைய சீசன்களில் உபதேசம் கூடியதும் உண்மைதான்.

மூன்றாண்டுப் போர் பதினோரு சீசன்கள் ஓடி, 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேர நிறைவுப் பகுதியோடு முடிந்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த அதில் ஒட்டுச் சிரிப்பே இல்லை.

டிவிடியில் சிரிப்பொலியை நீக்கிப் பார்க்கும் வசதி உண்டு. கிடைத்தால், முதல் சீசனையும் அப்படியே பாருங்கள்.